மேஸ்திரிக்கு ஒரு கிண்ணம் ஹம்மஸ்

ஐம்பத்தொரு கிலோ. அதற்குக் கீழே இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்ன அன்று, வெள்ளிக்கிழமை, மேஸ்திரியின் எடை ஐம்பத்திரண்டரை. மறுபடி நிறுத்துப் பார்க்கப்போவது வியாழக்கிழமை. நடுவில் ஆறு நாள்.

மேஸ்திரி சுவர்ப் பூச்சு வேலைக்காரர். இருபத்தெட்டு வருஷம் கரணை பிடித்த கை. தொண்டையில் கட்டி வந்து, ஏழு வாரம் கதிர் சிகிச்சை எடுத்து, முடித்து ஒரு மாதமாகிறது. கட்டி போய்விட்டது. போகிற போக்கில் பதினாறு கிலோவையும் வாயின் ருசியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் கசந்தது. பால் கசந்தது. ஒரு வாய் விழுங்குவதற்கு, கனமான அலமாரியை நகர்த்தப்போகிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

"குழாய் போட்டா அப்புறம் நான் வாயால சாப்பிடவே மாட்டேன்" என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டார். "எனக்கு என்னைத் தெரியும். சும்மா கிடைக்குதுன்னா உடம்பு சோம்பேறியாயிடும்."

ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரும் ஏறக்குறைய இதையேதான் அவர் மனைவியிடம் தனியாகச் சொல்லியிருந்தார். விழுங்குகிற தசைகள் வேலை இல்லாமல் கிடந்தால் விழுங்க மறந்துவிடும். அதனால் முடிந்தவரை வாய் வழியாகவே பாருங்கள். ஆனால் எடை இறங்கினால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

மனைவி, ஒரு பெரிய மருந்துக் கடையின் பின்னறையில் களிம்பும் சிரப்பும் கலக்கிறவள். சட்டையில் குத்துகிற அட்டையில் நீளமாக ஏதோ பதவி எழுதியிருக்கும். வீட்டில் அவளுக்குக் கம்பவுண்டர் என்றுதான் பெயர். மேஸ்திரி வைத்த பெயர். கல்யாணமான புதிதில், உப்பைத் தராசில் நிறுத்து அவள் சமைத்ததைப் பார்த்து வைத்தது. அது ஒட்டிக்கொண்டது.

ஆலோசகர் கொடுத்த தாளில் மிருதுவான உணவுகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஏழாவதாக ஹம்மஸ். கொண்டைக்கடலையும் எள்ளும் அரைத்தது. நாலு கரண்டி உள்ளே போனாலே நல்ல தெம்பு. பல்லுக்கு வேலை இல்லை. பக்கத்தில் ஆலோசகர் பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். கம்பவுண்டர் போகிற வழியிலேயே கடையில் ஒரு டப்பா வாங்கினாள். வீட்டில் மேஸ்திரி ஒரு கரண்டி வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாய் முழுக்கப் புண். டப்பாவிலோ எலுமிச்சையும் பச்சைப் பூண்டும். ஐந்து நிமிஷம் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"சரி, நானே பண்றேன்" என்றாள் அவள். "எலுமிச்சை இல்லாம. பூண்டை வேக வச்சு."

"இதையெல்லாம் வீட்டுல பண்ண முடியுமா?"

"கடலை, எள்ளு, எண்ணெய், உப்பு. இதுல என்ன ராக்கெட்டா இருக்கு?"

அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். ஒரு தாளில் கோடு போட்டு, பொருள், எடை, நேரம் என்று மூன்று பத்தி பிரித்தாள். நானூறு கிராம் கொண்டைக்கடலையைக் கழுவி, அரைக் கரண்டி சமையல் சோடா போட்டு ஊறவைத்தாள். சனிக்கிழமை காலையில் அது ஒன்றுக்கு இரண்டாக உப்பியிருந்தது. தண்ணீரை மாற்றி, இன்னொரு சிட்டிகை சோடா போட்டு வேகவைத்தாள். மேலே பொங்கி வந்த நுரையை வழித்து வழித்துப் போட்டாள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்தால் வெண்ணெய் மாதிரி நசுங்கும்வரை அடுப்பை அணைக்கவில்லை. பிறகு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, வெந்த கடலையைப் போட்டு, இரண்டு கையாலும் பிசையாமல் தேய்த்தாள். தோல் பிரிந்து மிதந்தது. மிதந்ததை அள்ளினாள். மிதக்காததை ஒவ்வொன்றாக உரித்தாள். முக்கால் மணி நேரம். ஒரு தோல் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் அதோடு அன்றைய சாப்பாடு முடிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

மேஸ்திரி சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கடலையை விட்டுட்ட. அதோ, ஓரத்துல."

"கண்ணு மட்டும் நல்லா இருக்கு உங்களுக்கு."

"அது ஒண்ணுதான் மிச்சம்."

எள்ளுக்குத் தாளில் பத்து நிமிஷம் என்று எழுதியிருந்தாள். எங்கே பார்த்து எழுதினாள் என்றால், இரண்டு மூன்று செய்முறைகளைப் படித்து, ஒன்று நாலு என்றது, ஒன்று பதினைந்து என்றது, நடுவில் எடுத்துக்கொண்டாள். அடிகனமான வாணலியில் எள்ளைப் போட்டு, செல்போனில் பத்து நிமிஷம் மணி வைத்தாள். மணி அடிக்கும்வரை கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். ஒரு நொடி முன்னால் இறக்கவில்லை, ஒரு நொடி பின்னால் இறக்கவில்லை. நல்ல பழுப்பு நிறம் வந்திருந்தது. ஆறவைத்து, மிக்ஸியில் எண்ணெய் விட்டு அரைத்தாள். எள் முதலில் மணல் மாதிரி ஓரத்தில் ஒட்டியது, பிறகு களிமண் மாதிரி உருண்டது, பிறகு சட்டென்று இளகி ஊற்றுகிற பதத்துக்கு வந்தது. அதில் கடலை, வெந்த பூண்டு, ஐஸ் தண்ணீர். உப்பு வாய்ப்புண்ணில் எரியும் என்று கால் கரண்டியோடு நிறுத்திக்கொண்டாள்.

வாயில் வைத்துப் பார்க்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மற்ற எந்த வீட்டிலும் இது நடந்திருக்காது. எந்தச் சமையலறையிலும் கை தானாக நாக்குக்குப் போகும். அவள் கை போகாது. இருபத்திரண்டு வருஷமாகக் கலக்குகிற வேலை. கலந்ததைத் தொட்டு நக்கிப் பார்த்தால் அன்றே வேலை போய்விடும். எடை சரி, பதம் சரி, நிறம் சரி என்றால் சரி. வீட்டுச் சமையலிலும் உப்பு பார்க்கிறவர் மேஸ்திரிதான். "போதும்", "இன்னும் ஒரு சிட்டிகை" என்று அவர் சொல்வார், அவள் போடுவாள். இப்போது அவருக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. அதனால் அந்த வீட்டில் ருசி பார்க்க ஆளே இல்லை என்பது அவளுக்கு உறைக்கவும் இல்லை.

ஒரு தட்டில் நாலு கரண்டி வைத்து நீட்டினாள். மேஸ்திரி கரண்டியின் முதுகால் அதை ஒரே இழுப்பில் பரப்பினார். தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"குருணை இருக்கு."

"எங்கே?"

"இதோ. இந்தப் பதத்துல சுவருக்குப் பட்டி பார்த்தா வீட்டுக்காரன் என்னைத் துரத்திடுவான்."

சல்லடையை எடுத்து, கரண்டியால் அழுத்தி அழுத்தி மறுபடி வடித்தாள். இந்தத் தடவை அவர் தலையை ஆட்டினார். மூச்சைப் பிடித்தார். விழுங்கினார். இருமல் வரவில்லை. இரண்டாவது கரண்டி. மூன்றாவது. நாலாவது.

"எப்படி இருக்கு?"

"வழுக்கிக்கிட்டுப் போகுது."

"ருசி?"

"எனக்கு ஏது ருசி? எல்லாம் ஒரே கசப்புதான்."

அவள் டப்பாவில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டி ஃப்ரிட்ஜில் வைத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாலு கரண்டி, ஒரு நாளைக்கு ஏழு தடவை என்று அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டினாள். சனிக்கிழமை இருபத்தாறு கரண்டி உள்ளே போனது. இதுவே போதும், இதிலேயே எல்லாம் இருக்கிறது என்று, அதுவரை கொடுத்துக்கொண்டிருந்த பாலையும் ஓட்ஸ் கஞ்சியையும் பாதியாகக் குறைத்தாள். அன்று அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. துணி மடிக்கும்போது ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பது கரண்டி.

திங்கட்கிழமை பதின்மூன்று.

அவள் விடவில்லை. இன்னும் நயமான சல்லடை வாங்கினாள். தண்ணீரை இருபது மில்லி கூட்டினாள். புதிதாக இன்னும் இரண்டு தரம் செய்தபோது கடலையை இன்னும் அரை மணி நேரம் வேகவைத்தாள். எள்ளுக்கு மட்டும் அதே பத்து நிமிஷம். அது சரியாக வந்த விஷயம் அல்லவா, அதை ஏன் தொட வேண்டும்? கடைசியில் பதம் எப்படி வந்ததென்றால், கரண்டியைச் சாய்த்தால் சத்தமில்லாமல் நழுவி விழும். மேஸ்திரியே, "இப்படி ஒரு பட்டியை நான் பார்த்ததில்ல" என்றார். சொல்லிவிட்டு இரண்டு கரண்டி சாப்பிட்டு, "வயிறு நிறைஞ்சுடுச்சு" என்று தட்டைத் தள்ளிவைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டு எடைமேடையில் ஏறச் சொன்னாள். ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு. மத்தியானம் அட்டவணையில் கரண்டிக் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"மத்தியானம் ஆச்சு, இதுவரைக்கும் மொத்தம் நாலு கரண்டி."

"அப்புறம் சாப்பிடறேன்."

"அப்புறம்னா எப்ப? நான் கடைக்கு லீவு போட்டுட்டு எதுக்கு உட்கார்ந்திருக்கேன்?"

"யாரு போடச் சொன்னது?"

"குழாய்தான் வேணும்னா சொல்லிடுங்க. எனக்கும் கை வலி மிச்சம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. மேஸ்திரி அவளைப் பார்த்தார். எழுந்தார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடித்துச் சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சாத்தினார்.

அவள் கொஞ்ச நேரம் அட்டவணையின் முன்னால் நின்றாள். பிறகு காய்ந்த துணியை எடுக்கப் பால்கனிக்குப் போனாள்.

அந்த நேரத்தில்தான் மேஸ்திரியின் தம்பி வந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர், காலை ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு. ஆள் பெரிய ஆள். வயிறு எப்போதும் அவருக்கு அரை அடி முன்னால் வந்து சேரும். அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து அந்த வீட்டில் அவர் எதையும் சாப்பிடுவதில்லை. "இப்பதான் அண்ணி சாப்பிட்டேன்" என்று ஏப்பம்கூட விட்டுக் காட்டுவார். பொய் என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணன் பார்க்க எதையும் மெல்ல அவருக்கு மனசு வராது. இன்றைக்கு அண்ணன் அறைக் கதவு சாத்தியிருந்தது. அண்ணி பால்கனியில் இருந்தாள். பசி கண்ணை அடைத்தது. மேசையில் ரொட்டி இருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

அவள் துணிகளோடு உள்ளே வந்தபோது, கொழுந்தன் ஒரு ரொட்டித்துண்டின் மேல் விரல் கனத்துக்கு ஹம்மஸைப் பூசி, பாதியைக் கடித்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற தொட்டியின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"தூ! அண்ணி, இது என்ன மருந்தா?"

"அது உங்க அண்ணனோட சாப்பாடு!"

"சாப்பாடா?" குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார். "மன்னிச்சுக்குங்க, பசியில எடுத்துட்டேன். தேதியெல்லாம் ஒட்டியிருந்துச்சா, நல்லதாத்தான் இருக்கும்னு நெனச்சேன். யப்பா, என்னா கசப்பு!"

"கசப்பா?"

"கசப்புன்னா சாதாரணக் கசப்பா? கருகின வாடை வேற. நீங்க வாயில வச்சுப் பார்க்கலையா?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது.

"டேய்" என்றார் மேஸ்திரி. "இப்ப என்ன சொன்ன?"

தம்பி ரொட்டியைப் பின்னால் மறைத்தார். "ஒண்ணுமில்லண்ணே. சும்மா... நல்லாத்தான் இருக்கு."

"உண்மையைச் சொல்லு. கசக்குதா?"

"கொஞ்சம்."

"உனக்குமா கசக்குது?"

"எனக்கு மட்டும் தனியா இனிக்குமா? ரொட்டியோட சேர்த்தே தாங்க முடியலை. நீ எப்படிண்ணே மூணு நாளா இதைத் தின்ன?"

மேஸ்திரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவியைப் பார்த்தார். "நீ சாப்பிட்டுப் பாரு."

அவள் கரண்டியை எடுத்தாள். நுனியில் கொஞ்சம் தொட்டாள். பாதி வழியில் கை நின்றது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைகள் மருந்து குடிப்பதுபோல வாயில் வைத்தாள்.

நாக்கின் அடியிலிருந்து தொண்டைவரை இழுத்துப் பிடித்தது. கருகிய எள். சந்தேகமே இல்லை. பத்து நிமிஷம், அடிகனமான வாணலி, மணி அடிக்கும்வரை கிளறிக்கொண்டு நின்ற மடச்சி. மூன்று தரம் செய்தாள், மூன்று தரமும் அதே பத்து நிமிஷம். சல்லடையை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், மனுஷனைத் திட்டினாள். எள்ளை மட்டும் மாற்றவில்லை.

"கசக்குது" என்றாள். மறுபடி சொன்னாள். "ரொம்பக் கசக்குது."

மேஸ்திரியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தம்பி ஓடினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப அது என் நாக்கு இல்லையா? நான் என் நாக்குன்னே நெனச்சுட்டேன்டா!"

"தண்ணி கசக்குதா இப்போ?" என்றாள் அவள்.

"தண்ணி கசக்கலை. ரெண்டு மூணு நாளாவே கசக்கலை. இது மட்டும்தான்."

"ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? நீ ஒவ்வொரு கடலையா உரிக்கிற. சல்லடையும் கையுமா நிக்கிற. எனக்குத்தான் வாய் கெட்டுப்போச்சுன்னு இருந்தேன். கெட்ட வாயை வச்சுக்கிட்டு உன் சமையலைக் குறை சொல்லச் சொல்றியா?"

அவள் துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தன் மறைத்து வைத்திருந்த ரொட்டியை எங்கே போடுவது என்று தெரியாமல் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். மூன்று கரண்டிகளோடு வந்தாள். மூன்றிலும் தெளிந்த தண்ணீர்.

"ஒண்ணு உப்பு, ஒண்ணு சர்க்கரை, ஒண்ணு வெறும் தண்ணி. எது எதுன்னு சொல்லுங்க" என்று மேஸ்திரியிடம் நீட்டினாள். "நீ பேசாதே" என்று கொழுந்தனைப் பார்த்துச் சொன்னாள். பதற்றத்தில் மரியாதை விட்டுப்போனதை இருவருமே கவனிக்கவில்லை.

மேஸ்திரி முதல் கரண்டியை வாயில் சுழற்றினார். "தண்ணி."

இரண்டாவது. நெற்றி சுருங்கியது.

"உப்பு" என்றார். "உப்புடி. எரியுது, ஆனா உப்பு."

மூன்றாவது. "இதுவும் தண்ணி."

"முதல்ல கொடுத்தது சர்க்கரை" என்றாள்.

"விடுங்க அண்ணி, மூணுக்கு ரெண்டு" என்றார் டிரைவர். "நான் லைசென்ஸ் வாங்கினதே அவ்வளவுலதான். அதை நம்பி எத்தனை பேர் பஸ்ல ஏறுறாங்க."

உப்பும் கசப்பும் திரும்பி வந்துவிட்டன. இனிப்பு இன்னும் வரவில்லை. வந்த இரண்டும் எப்போது வந்தன, எத்தனை நாளாக வந்து காத்துக்கிடந்தன என்று யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சமையலறையில் நின்றார்கள். ஃப்ரிட்ஜில் வேகவைத்த கடலை மீதம் இருந்தது. டிரைவர் ஓடிப்போய்ப் புது எள் வாங்கி வந்தார். மேஸ்திரி நாற்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் வழக்கம்போல் செல்போனை எடுத்தாள், எடுத்துவிட்டுத் தயங்கினாள்.

"வச்சுக்கோ" என்றார் மேஸ்திரி. "நேரத்தை எழுதிக்கோ. ஆனா நான் சொல்லும்போது இறக்கு. கலவை நிறத்தைப் பார்த்தே நான் குடும்பம் நடத்தினவன்."

எள் வெடிக்க ஆரம்பித்தது. டிரைவர் மூக்கை நீட்டி, "வாசனை வருது" என்றார். "பேசாம இரு" என்றார் அண்ணன். வெள்ளை லேசாகப் பால் சேர்த்த தேநீர் நிறத்துக்குத் திரும்பியது. "இறக்கு." அவள் இறக்கினாள். சூடான வாணலியிலேயே விடாமல் தட்டில் கொட்டிப் பரப்பினாள். செல்போனைப் பார்த்தாள். மூன்று நிமிஷம் ஐம்பது நொடி. தாளில் பத்து என்று இருந்ததை அடித்துவிட்டு அதை எழுதினாள். அடித்ததன் பக்கத்தில், தன் பிழை என்று சின்னதாக எழுதினாள். கடையில் அப்படித்தான் எழுதச் சொல்வார்கள். இதுவரை அவள் எழுத நேர்ந்ததில்லை.

அரைத்த எள்ளைத் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தாள். கடலை சேர்த்த பிறகு ஒரு தடவை. உப்பு போட்ட பிறகு ஒரு தடவை. மூன்றாவது தடவை கண்ணை மூடவில்லை.

"எப்படி?" என்றார் மேஸ்திரி.

"நல்லா இருக்குன்னு நெனைக்கிறேன். எனக்கு என்ன தெரியும்? நீங்க பாருங்க."

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் வாயில் வைத்திருந்தார். "இன்னும் ஒரு சிட்டிகை" என்றார்.

"எரியும்."

"எரியட்டும். தெரியுதுல்ல?"

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஐந்து கரண்டி போனதும் தொண்டை வலித்தது, நிறுத்தினார். அரை மணி கழித்து மறுபடி கேட்டார். அவளாகக் கொடுக்கவில்லை, அவராகக் கேட்டார், அதுதான் வித்தியாசம். டிரைவர் எதிரில் உட்கார்ந்து, அண்ணன் சாப்பிடச் சாப்பிட, தானும் ரொட்டியில் பூசிப் பூசித் தின்றார். இந்தத் தடவை ஏப்பம் நிஜமாகவே வந்தது. புதன்கிழமை முப்பத்தொரு கரண்டி. பாலும் கஞ்சியும் பழைய அளவுக்கு வந்தன.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி எடைமேடையில் மேஸ்திரி ஏறினார். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பையிலிருந்த சாவியை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு எழுத்து இரண்டு தடவை துடித்து நின்றது.

ஐம்பது புள்ளி ஒன்பது.

நூறு கிராம். இரண்டு சின்ன எலுமிச்சம்பழம் அவ்வளவு இருக்குமா?

உணவு ஆலோசகர் முப்பது வயதுக்குள் இருப்பார். கோபப்படத் தெரியாத முகம். கணினியில் எண்ணை ஏற்றிவிட்டு, இரண்டு பேரையும் பார்த்தார். "ஒரு வாரத்துல ஒரு கிலோ அறுநூறு. நல்லா முயற்சி பண்ணியிருப்பீங்க, எனக்குத் தெரியும். ஆனா விழுங்க முடியலைன்னா நாம உடம்பைக் காய விடக் கூடாது. இன்னைக்கே குழாய் போட்டுடலாம். வலிக்காது."

மேஸ்திரி தலையைக் குனிந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாதாடுகிற ஆள் இல்லை அவர். சுவர் சாய்ந்திருக்கிறது என்று மட்டக்கோல் சொன்னால் ஒத்துக்கொள்கிறவர்.

கம்பவுண்டரின் கைப்பையில் அட்டவணை இருந்தது. எடுத்துக் காட்டினால் எல்லாம் தெரியும். எடுத்துக் காட்டாமலும் இருக்கலாம். நோயாளியின் மனைவி என்று மட்டும் இல்லாமல், நாங்களும் மருந்துத் துறைதான் என்று முதல் நாளே சொல்லிக்கொண்டவள் அவள். ஆலோசகர் அதைக் கேட்ட பிறகு அவளிடம் சக ஊழியரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். இந்த அறையில் அவளுக்கு இருந்த ஒரே மரியாதை அது.

"அவரால விழுங்க முடியும்" என்றாள்.

"புரியுதுங்க. ஆனா எடை..."

"முடியும். நான்தான் கெடுத்தேன்." தாளை எடுத்து மேசையில் விரித்தாள். "எள்ளைக் கருக்கிட்டேன். மூணு தரமும் கருக்கினேன். வாயில வச்சுப் பார்க்கவே இல்லை. கசப்பைக் கொடுத்துட்டு, சாப்பிடலைன்னு அவரைத் திட்டினேன். போதாததுக்குப் பாலையும் குறைச்சேன். இதோ சனிக்கிழமை. இது ஞாயிறு, திங்கள். இது செவ்வாய் மத்தியானம் வரைக்கும். இங்கேதான் புதுசா செஞ்சது. இது நேத்து. முப்பத்தொரு கரண்டி. ஒரு தடவைகூடப் புரையேறலை. உப்பும் கசப்பும் தெரியுது, சோதிச்சுப் பார்த்தேன். அவர் தொண்டை மேல தப்பு இல்லை. தப்பு என் வாணலியில."

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தன் வாயால் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

ஆலோசகர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். வரி வரியாகப் படித்தார். மூன்று நிமிஷம் ஐம்பது நொடி என்பதன் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"இதை நீங்க சொல்லலைன்னா நான் இன்னைக்குப் போட்டிருப்பேன்" என்றார். "விழுங்க முடியாம இறங்கினது வேற, வாய்க்குப் பிடிக்காம இறங்கினது வேற." மேஸ்திரியிடம் திரும்பினார். "திங்கட்கிழமை வரைக்கும் தரேன். அன்னைக்கு இந்த எண்ணுக்குக் கீழே இருந்தா, மறுபேச்சு இல்லாம குழாய். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் மேஸ்திரி.

"வேற ஏதாவது கேட்கணுமா?"

"எலுமிச்சை எப்ப சேர்க்கலாம்?"

"புண்ணு ஆறட்டும் மேஸ்திரி. அவசரப்படாதீங்க."

வெளியே தாழ்வாரத்தில் நீளமாக ஒரு பெஞ்சு கிடந்தது. வருகிறவர்களும் போகிறவர்களும், சக்கர நாற்காலிகளும், யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரலுமாக இருந்தது. மேஸ்திரி நடந்துகொண்டே வந்தவர் அங்கே உட்கார்ந்துவிட்டார்.

"தலை சுத்துதா?"

"இல்ல. டப்பா கொண்டு வந்திருக்கியா?"

"இங்கேயா? எல்லாரும் பார்ப்பாங்க." சிகிச்சை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் வெளியில் வாய் திறந்து எதையும் சாப்பிட்டதில்லை. கடைவாயில் ஒழுகும், இருமல் வரும் என்று கூச்சம்.

"பார்க்கட்டும்."

அவள் டப்பாவையும் கரண்டியையும் கொடுத்தாள். அவர் மடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டு ஆரம்பித்தார். ஒரு கரண்டி, ஒரு மூச்சு. ஒரு கரண்டி, ஒரு மூச்சு. தாடையில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். எதிரில் காத்திருந்த ஓர் அம்மாள் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி தன் கையிலிருந்த டோக்கன் சீட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே அவர்கள் போக வேண்டிய பஸ் வந்து நின்றது தெரிந்தது. அதை விட்டால் இன்னும் நாற்பது நிமிஷம். அவள் எழுந்தாள். டப்பாவில் பாதிக்கு மேல் இருந்தது. அவர் கரண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள்.